சரிவைக் கால் சொல்லும்: டிஜோனிலிருந்து மாக்கோன் வரை சைக்கிளில் ஆறு நாள்

புறப்படும் முன்

பிரான்ஸில் பர்கண்டி ஒயின் நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காரில் போய், புகழ்பெற்ற ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது சரிவு. எந்தத் திராட்சைக் கொடி மேட்டில் நிற்கிறது, எது நடுச்சரிவில், எது அடிவாரத்தில் என்பதை வைத்துத்தான் புட்டியின் பெயரும் விலையும் முடிவாகின்றன. கார் ஜன்னலில் அது தெரியாது. பெடலை மிதிக்கும் கால் உடனே சொல்லிவிடும்.

பாதை வடக்கிலிருந்து தெற்கே: டிஜோன், நுயி-சேன்-ஜோர்ஜ், போன், சாந்தெனே, ஷாலோன், குளூனி, மாக்கோன். மொத்தம் ஏறத்தாழ 190 கி.மீ. தெற்கு நோக்கிப் போவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் குளிர்ந்த வடகாற்று அடிக்கும், 'பீஸ்' என்பார்கள். அது முதுகில் அடிப்பது நல்லது.

மே, ஜூன், செப்டம்பர் ஏற்ற மாதங்கள். செப்டம்பரில் திராட்சை அறுவடை. தோட்டத்தில் ஆளும் வண்டியுமாக இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

வாடகைக்கு எடுத்தாலும் சொந்தமாகக் கொண்டுபோனாலும் டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம் இருக்கட்டும். 37 மி.மீ. டயருக்குப் பை ஏற்றிய நிலையில் பின்னால் 4 பார், முன்னால் 3.5 பார் காற்று போதும். கியரில் மிகச் சிறியது ஒன்றுக்கு ஒன்று வர வேண்டும், அதாவது முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல். ட்யூப் இரண்டு, டயர் நெம்பி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறு பம்ப், செயின் எண்ணெய். அங்கே சுற்றுலா சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஞ்சு வால்வுதான் இருக்கும். நம் ஊர்ச் சைக்கிள் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. நுனியிலுள்ள குட்டித் திருகை இடப்பக்கம் தளர்த்தி, ஒரு முறை விரலால் அழுத்தி 'உஸ்' என்று சத்தம் வரச் செய்து, அதன் பிறகே காற்றடிக்க வேண்டும். அழுத்தாமல் அடித்தால் வால்வு ஒட்டிக்கொண்டு காற்று உள்ளே இறங்காது. ட்யூப் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான்.

இதைவிட முக்கியமானது பிரேக். நம் நாட்டில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. பிரான்ஸில் இடக்கைதான் முன்சக்கரம். பழக்க தோஷத்தில் இறக்கத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று, ஆள் கைப்பிடிக்கு மேலே பறந்து விழுவார். வண்டியைக் கையில் வாங்கியதும் சமதரையில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். மாற்றித் தரச் சொன்னால் சில கடைகளில் கேபிளை மாற்றிக் கொடுப்பார்கள்.

பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்; அதில் சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் கட்ட வேண்டியிருக்கும். பெர்சி நிலையத்திலிருந்து கிளம்பும் வட்டார ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எடுக்கும், ஆனால் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். பெர்சியும் கார் து லியோனும் வேறு வேறு நிலையங்கள். நடந்தால் பத்து நிமிடம். பாரிஸில் ஒரு நாள் இருந்தால் கார் து நோர் நிலையத்தின் பக்கத்து லா ஷப்பேல் தெருக்களில் தமிழ்க் கடைகள் உண்டு. அவலும் ஊறுகாயும் அங்கேயே வாங்கிவிடுங்கள். டிஜோனுக்குத் தெற்கே அவை கிடைக்குமென்று நம்ப முடியாது.

முதல் நாள்: டிஜோன் – நுயி-சேன்-ஜோர்ஜ், சுமார் 30 கி.மீ.

டிஜோனில் காலை ஒரு மணி நேரம் போதும். நோத்ர்-தாம் தேவாலயத்தின் பக்கச் சுவரில் ஒரு கல் ஆந்தை இருக்கிறது. நூற்றாண்டுகளாக இடக்கையால் தடவித் தடவி அதன் முகமே தேய்ந்துவிட்டது. நேர்ந்துகொண்டு தடவுவது ஊர் வழக்கம்.

டிஜோனை விட்டு வெளியேறுவதுதான் இன்று கொஞ்சம் சள்ளை. ஷெனோவ் வரை நகரப் போக்குவரத்து. அதன் பிறகு டி122 என்ற குறுகிய சாலை. 1937-ல் உருவான ஒயின் சாலை இது, இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. மார்சனே, ஃபிசான் என்று ஊர்கள் வரும். ஃபிசான் பலகையில் நடுவே எக்ஸ் எழுத்து இருந்தாலும் இங்கே 'ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் வரும் அலோஸ், புஸ்ஸி எல்லாம் அப்படியே. வழி கேட்கும்போது இது உதவும்.

ஜெவ்ரே-ஷாம்பெர்தானில் வண்டியை நிறுத்திச் சரிவைப் பாருங்கள். மேலே காடு. அங்கே மண் மெலிது, குளிர் அதிகம், கொடி வைப்பதில்லை. அதற்குக் கீழே நடுச்சரிவில் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புக் களிமண்ணும் கலந்த பட்டை. கிழக்கு பார்த்த தரை, காலை வெயில் முதலில் விழும், மழை நீர் தேங்காமல் வடியும். கிராண்ட் க்ரூ எனப்படும் உயர்தரத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டையில் இருக்கின்றன. ஜெவ்ரேயில் மட்டும் ஒன்பது. இன்னும் கீழே, டி974 நெடுஞ்சாலைப் பக்கம் போகப் போக மண் ஆழமாகி, ஈரம் தங்கி, தரம் இறங்கும். சாலைக்கு அப்பால் விளைவது பெரும்பாலும் வெறும் 'பர்கண்டி' என்ற பெயரில் விற்கும் சாதாரண ஒயின். டி122-இல் ஓட்டினால் இந்தப் பட்டைக்குள்ளேயே போகிறீர்கள், டி974-இல் ஓட்டினால் அதன் கால்மாட்டில். டி974-இல் லாரிகள் அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

இப்படிப் பெயரும் எல்லையும் கொண்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 'க்ளிமா' என்று பெயர். மொத்தம் 1,247. யுனெஸ்கோ 2015-ல் இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வூஜோ வந்ததும் இந்த விதிக்கு ஒரு விலக்கு. க்ளோ து வூஜோ என்பது சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவச் சபைத் துறவிகள் கல்மதில் கட்டி வளைத்த ஏறத்தாழ 50 ஹெக்டேர் தோட்டம். மேல் கேட்டிலிருந்து கீழே நெடுஞ்சாலை வரை முழுவதும் ஒரே கிராண்ட் க்ரூ. மதிலோரமாக மேலிருந்து கீழே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மேலே காலடியில் வெள்ளைச் சரளை, கீழே போகப் போகச் செருப்பில் ஒட்டும் பழுப்பு மண். மழை மறுநாள் கீழ் வரிசைகளில் தண்ணீர் நிற்கும். பெயர்ச் சீட்டு மட்டும் ஒன்றுதான். இன்று இதற்குச் சுமார் எண்பது உரிமையாளர்கள். ஒருவருக்கு மேலே, இன்னொருவருக்குக் கீழே. ஆகையால் இந்தப் பெயரில் புட்டி வாங்குபவர் யார் தயாரித்தது, நிலம் எந்தப் பகுதியில் என்று கேட்டே ஆக வேண்டும். நடுவிலிருக்கும் மாளிகை 1551-ல் எழுந்தது. அதைவிடப் பழைய பிரம்மாண்டமான திராட்சை பிழியும் மரப்பொறிகள் உள்ளே இருக்கின்றன. கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம், பாருங்கள்.

வோன்-ரொமானேயில் ஊருக்குப் பின்னால் ஒரு கல் சிலுவை. அதன் பக்கத்தில் இருப்பது ரொமானே-கோந்தி, வெறும் 1.8 ஹெக்டேர். ஃபிலாக்சரா பூச்சி ஐரோப்பாவின் கொடிகளையெல்லாம் அழித்தபோது மற்றவர்கள் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டி நட்டார்கள். இந்தத் தோட்டமோ 1945 வரை பழைய கொடிகளையே பிடித்து வைத்திருந்தது. பிறகு பிடுங்கி 1947-ல் புதிதாக நட்டார்கள். மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள். வரிசைக்குள் கால் வைக்காதீர்கள், பலகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: நுயி – போன், சுமார் 22 கி.மீ.

குறைந்த தூரம், வேண்டுமென்றே. பிற்பகல் முழுதும் போனுக்கு வேண்டும்.

நுயிக்குத் தெற்கே கொம்பிளான்ஷியான் வரும்போது கொடிகள் விலகிக் கல் குவாரிகள் தெரியும். பாரிஸ் கார்னியே ஒபேரா அரங்கில் பதித்த கல் இங்கே வெட்டியது. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை இந்த ஊரை எரித்தது. சற்றுத் தள்ளி, உச்சியில் மட்டும் காடு வைத்த கொர்த்தோன் குன்று. அலோஸ்-கொர்த்தோனைச் சுற்றிக்கொண்டு போங்கள், ஏற்றம் சிறிதுதான்.

இந்தச் சிறு சாலைகளில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஊருக்குள் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும், சந்து எவ்வளவு சின்னதானாலும். மஞ்சள் வைரம் போன்ற பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. இரண்டு, கொடி வரிசையின் மேலாகக் கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர். மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் தெரியாது. நிறுத்தி ஒதுங்குங்கள். மே முதல் ஜூலை வரை காலையில் மருந்து தெளிப்பார்கள். புகை போல வந்தால் காற்று வரும் திசைப் பக்கம் போய், முடியும்வரை காத்திருங்கள்.

போன் நகரத்து ஓத்தெல்-தியே 1443-ல் கட்டத் தொடங்கிய ஏழைகளுக்கான மருத்துவமனை. பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலானும் மனைவி கிகோன் த சாலானும் கட்டியது. 1452 ஜனவரி 1-ல் முதல் நோயாளி வந்தார், 1971 வரை இங்கே மருத்துவம் நடந்தது. கூரையின் பல வண்ண ஓடுகளை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தரையையும் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு தரையோட்டிலும் கணவன் மனைவி பெயர்களின் முதலெழுத்தும், 'ஒருத்தி மட்டுமே' என்று பொருள்படும் ஒரு சொல்லும், பக்கத்தில் ஒரு விண்மீனும் இருக்கும். மனைவிக்காக ரொலான் பொறித்தது. கட்டில்கள் வரிசையாகப் போட்ட பெருங்கூடம் தேவாலயத்தில் போய் முடியும். படுத்தபடியே நோயாளி பூசை காண்பதற்காக. ரொகீர் வான் டெர் வைடன் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' தனி அறையில் இருக்கிறது. மருத்துவமனைக்கு மக்கள் எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் ஒயின் 1859 முதல் ஏலம் போகிறது, ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு. அந்த வாரத்தில் அறை தேடி இங்கே வந்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலைச் சந்தை நல்லது. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பாதிக் கடைகள் மூடியிருக்கும். சைவர்கள் கவனிக்க: சாலட் என்றாலும் பன்றித் துண்டு தூவியிருக்கும், சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டைக் குழம்பிலும் இருக்கும். 'சான் வியாந்து, சான் புவாசோன்' என்று சொல்லிவிடுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாமென்று பொருள். கூஜேர் என்ற பாலாடைக்கட்டிப் பணியாரம் எல்லாப் பேக்கரியிலும் கிடைக்கும், பசிக்குத் தாங்கும்.

மூன்றாம் நாள்: போன் – சாந்தெனே, 22 கி.மீ.

பயணத்தின் உயிர் இந்த நாள். 'வுவா தே வீஞ்' என்ற சைக்கிள் பாதை முழுதும் தோட்டங்களுக்குள்ளேயே போகிறது. பச்சை எழுத்துப் பலகைகள் இருக்கின்றன, ஆனால் கொடி வளர்ந்து மறைத்துவிடும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கீழே டி974-இல் போய் விழுவீர்கள், திரும்ப ஏற வேண்டும்.

பாதை சில இடத்தில் தார், பல இடத்தில் சிமெண்ட். பொமாருக்கும் வோல்னேக்கும் இடையில் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடு ஏற்றத்தில் மாற்றினால் இறுக்கத்தில் செயின் கழன்று சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டும். மழை நீர் ஓட சிமெண்டில் குறுக்குச் சாலும் இரும்புக் கிராதியும் உண்டு. நேர்க்கோட்டில் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் வழுக்கும்.

மழைக்குப் பின் டிராக்டர் சாலையில் உதறிய களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் செங்கல் போல் ஆகிவிடும். ஈரமாக இருக்கும்போதே குச்சியால் தள்ளித் தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சருக்குப் பெரிய காரணம், பந்தல் கம்பி சீர்செய்யும்போது உதிரும் வெட்டுத் துண்டு, பிறகு வேலிமுள். ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி நிற்கிறது. விரலால் தேடினால் விரல் கிழியும். எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாய் கைகொடுக்கும், அங்குள்ள சைக்கிள்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். 'நோன் போத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

மெர்சோவைத் தாண்டிப் புலிஞி-மோன்ராஷே. முதல் நாள் ஜெவ்ரேயில் பார்த்தது இங்கே உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும். ஊருக்கு மேலே தோட்டச் சாலையில் நில்லுங்கள். மேல்பக்கம் மோன்ராஷே, சுமார் 8 ஹெக்டேர். அதற்கும் மேலே, கல் மிகுந்த மெலிந்த மண்ணில் செவாலியே-மோன்ராஷே. நீங்கள் நிற்கும் சாலையின் கீழ்ப்பக்கம், கனத்த மண்ணில் பத்தார்-மோன்ராஷே. மூன்றுமே கிராண்ட் க்ரூ. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ருசியும் விலையும் வேறு. இன்னும் சில வரிசை கீழிறங்கினால் வெறும் ஊர்ப்பெயர் ஒயின், விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சைக்கிளில் பெடல் போடாமல் விட்டால் ஒரு நிமிடத்தில் இத்தனையையும் கடந்துவிடலாம். இந்தத் தோட்டத்தின் பெருமையால்தான் புலிஞி, ஷசாஞ் இரண்டு ஊரும் 1879-ல் தங்கள் பெயரோடு மோன்ராஷேயைச் சேர்த்துக்கொண்டன.

கொடிகளைக் கிட்டே பாருங்கள். மீட்டருக்கு ஒன்று, ஹெக்டேருக்குப் பத்தாயிரம். நெருக்கி நட்டால் வேர் பக்கவாட்டில் போக இடமின்றிக் கீழே இறங்கும். ஜூனில் பூ உதிர்ந்து மிளகளவு காய் பிடித்திருக்கும். பூத்து நூறு நாளில் அறுவடை என்பது குடியானவர் கணக்கு.

ஒயின் ருசி பார்க்கப் போவதானால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். பகல் 12 முதல் 2 வரை யாரும் திறக்க மாட்டார்கள். இங்கே பல நிலவறைகளில் சிவப்பை முதலில் கொடுத்து வெள்ளையைப் பிறகு தருவார்கள். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பத் தொட்டி இருக்கும். துப்புவது மரியாதைக் குறைவல்ல, தொழில்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு. வெயிலில், வெறும் வயிற்றில், இறக்கத்துக்கு முன் விழுங்கிய இரண்டு கிண்ணம் போதும் கீழே விழ. புட்டி வாங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ இருக்கும்; துணியில் சுற்றிப் பையின் அடியில், சக்கரத்தை ஒட்டிய பக்கம் வைத்து, மறுபையில் அதே எடை வையுங்கள்.

நான்காம் நாள்: சாந்தெனே – ஷாலோன்-சுர்-சோன், சுமார் 30 கி.மீ.

இன்று ஓய்வு நாள் மாதிரி. கனால் து சாந்த்ர் என்ற கால்வாயின் கரையோடு, மதகு மதகாகத் தட்டையான பாதை. லுவார், சோன் ஆறுகளை இணைக்க 18-ஆம் நூற்றாண்டில் எமிலான் கோத்தே என்ற பொறியாளர் கட்டியது. சில இடத்தில் மரவேர் தாரைத் தூக்கியிருக்கும், வேகம் வேண்டாம்.

ஷாலோனில் நிசெஃபோர் நியெப்ஸ் அருங்காட்சியகம். புகைப்படக் கலையைக் கண்டவர், 1765-ல் இங்கே பிறந்தார். 1818 வாக்கில் பெடல் இல்லாத, காலால் உந்தி ஓட்டும் மர இருசக்கர வண்டியையும் செய்து பார்த்தவர். சைக்கிள் பூட்டை எடுத்துப் போங்கள். உள்ளே பை வைத்துக்கொள்ள வசதியா என்று முதலில் கேளுங்கள்.

ஐந்தாம் நாள்: ஷாலோன் – குளூனி, சுமார் 55 கி.மீ.

ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கி.மீ. பழைய ரயில் பாதை, 1997-ல் சைக்கிளுக்கென்று திறந்தார்கள். பிரான்ஸில் இப்படி அமைந்த முதல் பசுமைப் பாதை. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றமே தெரியாது. ஆனால் தொடர்ந்து ஒரே நிலையில் உட்கார்ந்து கை மரத்துப்போகும். கால் மணிக்கொரு முறை பிடியை மாற்றுங்கள்.

புஸ்ஸி, பிறகு வழவழத்த கல் சந்துகளோடு சேன்-ஜாங்கு-லெ-நாசியோனால். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அது 'லெ-ருவாயால்', அரசருடைய ஊர். கொர்மாத்தான் மாளிகையின் நீலமும் பொன்னும் பூசிய அறைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொடி குறைந்து, வெள்ளை ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளி கூடுகிறது.

குளூனி மடம் 910-ல் தொடங்கியது. 1088-ல் எழுப்பத் தொடங்கிய அதன் மூன்றாம் தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு ஆலயம் புதிதாக எழும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரியது இல்லை. உங்கள் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும், 85 சுற்று. புரட்சிக்குப் பின் 1798 முதல் கல் கல்லாக விற்றார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிலுவை வடிவத் தேவாலயத்தில் இன்று நிற்கும் ஒற்றைக் குறுக்குக் கையின் அடியில் போய் மேலே பார்த்தால், இல்லாமல் போன மீதியின் அளவு மனதை அழுத்தும்.

ஆறாம் நாள்: குளூனி – மாக்கோன், 25 கி.மீ.

புவா கிளேர் சுரங்கம் 1.6 கி.மீ. உள்ளே விளக்கு உண்டு, இருந்தாலும் சொந்த விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் குளிரும், வியர்வையோடு நுழைய வேண்டாம், ஒரு சட்டை மேலே போடுங்கள். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள், அப்போது மேலே கணவாய் வழியாக ஏற வேண்டும்.

மறுபக்கம் வெளியே வந்ததும் மறுபடியும் கொடிகள். பெர்சே-லா-வீல் சிற்றாலயத்தில் குளூனித் துறவிகள் காலத்து 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். பிரிசேயிலிருந்து விலகி ஏறினால் 493 மீட்டர் உயர சொலூத்ரேப் பாறை. அடிவாரத்தில் குதிரை எலும்புகள் குவியலாகக் கிடைத்த தொல்லிடம். குதிரைகளை உச்சியிலிருந்து விரட்டித் தள்ளினார்கள் என்ற பழைய கதையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடங்கள். உச்சியில் நின்றால் புயி-ஃபுயிசே என்ற வெள்ளை ஒயின் விளையும் சரிவு முழுவதும் காலடியில் விரியும். மேலே பாறை, நடுவே கொடி, கீழே சோன் ஆற்றுச் சமவெளி. ஆறு நாளாகக் கால் அறிந்ததைக் கண் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

மாக்கோன்-வீல் நிலையத்திலிருந்து டிஜோனுக்கும் லியோனுக்கும் வட்டார ரயில். சற்றுத் தள்ளியிருக்கும் மாக்கோன்-லோஷே டி.ஜி.வி. நிலையம், அங்கே போய்விடாதீர்கள். சைக்கிள் படம் போட்ட கதவு எது என்று பார்த்து நில்லுங்கள். ரயில் வருமுன்பே பைகளைக் கழற்றிவிட வேண்டும். பையோடு தூக்கினால் முன்சக்கரம் கொக்கிக்கு எட்டாது. முதலில் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டுங்கள். பிறகு பைகளை ஏற்றுங்கள், புட்டி இருக்கும் பை கடைசியாக, மடியில்.